குதிரைக்குத் தண்ணீர் காட்டினார்களா?

அந்த நாவலைப் பற்றி இப்போது என்னென்னவோ சொல்கிறார்கள். நீளம் அதிகமாம். சரித்திரமும் இல்லாமல் மாயக்கதையும் இல்லாமல் இரண்டும் கெட்டானாக இருக்கிறதாம். யாராவது அப்படிச் சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. நானே அதைப் பற்றி ஆயிரம் குறை சொல்வேன், அது வேறு விஷயம். வாரப் பத்திரிகையில் அது வந்துகொண்டிருந்த வருஷங்களில் அநேகமாக ஒரு வரி விடாமல் வாய்விட்டுப் படித்தவள் நான். எனக்கு அந்த உரிமை உண்டு.

படித்த இடம் எங்கள் புளிக்கொட்டாய். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் என் மாமனாருக்கு நிலமும், வரப்போரம் நிறையப் புளிய மரங்களும் இருந்தன. மாசி, பங்குனியில் புளி உலுக்கிக் கொண்டுவந்து கொட்டினால், ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து முடிக்கப் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார வேண்டும். புளி முடிந்தால் கடலை உரிப்பார்கள், அதற்குப் பிறகு கொட்டமுத்து, அதாவது ஆமணக்கு. கைக்குத்தான் வேலை, காதும் வாயும் சும்மா. சும்மா இருக்கிற வாய் என்ன செய்யும்? சண்டை போடும். நான் சேலத்தில் எட்டாவது வரை படித்துவிட்டு இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். சண்டையைக் கேட்டுக்கேட்டுத் தலைவலி வந்துதான் ஒருநாள் பத்திரிகையை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். மற்றபடி தர்மம் செய்கிற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை.

பத்திரிகை என் அண்ணனுடையது. அவர் சேலத்தில் படித்து முடித்துவிட்டுப் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புவார். உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கிடையாது, கரிப்புகையில் ஓடும் வண்டிதான். மஞ்சவாடிக் கணவாயில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டால், பிரயாணிகளோடு எங்கள் கதை இளவரசனும் அங்கேயே நின்றுவிடுவான். ஊர் உலகம் படித்து முடித்து ஒரு வாரம் கழித்துத்தான் எங்களுக்குக் கதை வரும்.

கதை இதுதான். பழங்காலத்தில் ஒரு மலைக்கோட்டை ராஜ்யம். அதன் ஆற்றை ஒரு ராணி மந்திரத்தால் பூமிக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் மனிதர்களின் நிழலைப் பிடித்துக் குங்குமச் சிமிழில் அடைத்துவைப்பவள். ஆற்றை மீட்க இளவரசன் ஒரு வெள்ளைக் குதிரையில் கிளம்புகிறான். அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு அந்த எழுத்தாளர் மூன்று வருஷத்துக்கு மேல் ஓட்டினார்.

எங்கள் பெண்கள் கேட்ட அழகைச் சொல்ல வேண்டும். நிழல் பிடிக்கும் அத்தியாயம் வந்த மறுநாள், வேலைக்கு வந்தவர்கள் ஒருத்தி நிழலை ஒருத்தி மிதிக்காமல் சுற்றிச்சுற்றி வந்தார்கள். கன்னடம் பேசுகிற ஒருத்திக்கு எழுத்துத் தமிழ் ஓடாது. பக்கத்தில் இருப்பவள் கன்னடத்தில் சொல்லச்சொல்லத்தான் அவளுக்குப் புரியும். அதனால் எல்லோரும் அழுது மூக்கைச் சிந்தி முடித்த பிறகு அவள் அழ ஆரம்பிப்பாள். சித்தேரி மலையிலிருந்து கடுக்காய் கொண்டுவரும் ஒருத்தி, விலை பேச வந்தவள் கதை கேட்க உட்கார்ந்துவிட்டாள். குகைக்குள்ளே பளிங்கு அரண்மனை என்று நான் படித்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க மலையிலயுந்தான் கொகை இருக்குது. உள்ள போனா வவ்வாப் பீ நாத்தந்தான் வரும். அதுல எந்த ராசா குடியிருப்பான்?" என்றாள். சிரித்தாளே தவிர, அடுத்த வாரமும் கடுக்காயைச் சாக்காக வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

ஆனால் எங்கள் கதைக்கு முக்கியமான வாசகர் கொட்டாய்க்குள்ளே உட்காரவில்லை. கொட்டாயை ஒட்டி மாட்டுக்கொட்டகை. நடுவில் ஓலைத் தட்டி. அந்தப் பக்கம் என் மாமனார் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருப்பார். அந்தக் காலத்தில் மாமனார் மருமகளிடம் நேருக்கு நேர் பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. சொல்ல வேண்டியதை மாட்டைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ சொல்வார்கள். நாம்தான் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் செவலைப் பசுவைப் பார்த்துச் சொல்வார்.

இளவரசன் காட்டையும் மலையையும் ஒரே மூச்சில் தாண்டிய அத்தியாயத்தை முடித்து நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். தட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏ செவல, அந்தக் குதிரைக்கு யாராச்சும் தண்ணி காட்டினாங்களா? விடிஞ்சதுலேர்ந்து ஓடுது. வாயில்லா ஜீவன். பாவம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு அழகான வர்ணனை, அதை விட்டுவிட்டுக் குதிரைக்குத் தண்ணீராம்! "எழுதலைன்னு சொல்லு" என்று என் ஓரகத்தியிடம் உரக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு வாரா வாரம் அதே கேள்வி. வாரா வாரம் என் பதிலும் அதே பதில்தான். "சும்மா காட்டினாங்கன்னு சொல்லிருங்களேன் அக்கா, மாமா சந்தோசப்படுவாரு" என்று ஓரகத்தி கெஞ்சுவாள். அச்சில் இல்லாததை நான் படிக்க மாட்டேன் என்று முறைப்பேன். அந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரி.

இந்த ஓரகத்தி என் கொழுந்தனாரின் மனைவி. என்னைவிட நான்கைந்து வயது சின்னவள், படிப்பு கிடையாது, கைநாட்டு. கொழுந்தனார் பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவுக்குக் கப்பலேறிப் போயிருந்தார். சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்த பிறகு அவரைப் பற்றித் தகவலே இல்லை. இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனதும் உறவுக்காரர்கள் மாமனாரை அரிக்க ஆரம்பித்தார்கள். போன உயிர் எள்ளும் தண்ணீரும் இல்லாமல் அலைகிறது, புல்லில் உருவம் கட்டிவைத்தாவது காரியம் செய்துவிடு என்றார்கள். அந்த வருஷம் புளி வேலை முடிந்ததும் தீர்த்தமலைக்குப் போய்ச் செய்துவிடுவது என்று மாமனார் ஒத்துக்கொண்டார்.

அவரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. மகன் எங்கோ தாகத்தோடு அலைவதாக அவர் நிஜமாகவே நம்பினார். சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துபோவார். ஆனால் காரியம் செய்தால் என் ஓரகத்தியின் கழுத்தில் தாலி இருக்காது, தலையில் பூ இருக்காது. இருபத்திரண்டு வயதுப் பெண் மூலையில் உட்கார வேண்டும். அவள் முன்பைவிட அதிகமாகப் பூ வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மழை பொய்த்த வருஷங்களில் அம்மன் கோயிலில் கதை படிப்பார்கள். அன்றைய பகுதி ஒரு சாவில் முடிந்தால் படிப்பவர் அங்கே ஏட்டை மூட மாட்டார். பின்னால் புரட்டி, ஒரு கல்யாணமோ பட்டாபிஷேகமோ நாலு வரி படித்து, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். இல்லாவிட்டால் கேட்டவர்கள் வீட்டுக்குச் சாவு கூடவே வந்துவிடும் என்பது நம்பிக்கை. பத்திரிகைக்காரருக்கு இந்த விவரமெல்லாம் தெரியுமா? யார் நெஞ்சிலாவது கத்தி பாய்கிற இடமாகப் பார்த்து அவர் 'தொடரும்' போட்டுவிடுவார். எங்கள் பெண்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். கடைசியில், இளவரசனின் தங்கை கல்யாண அத்தியாயம் வந்த பழைய இதழைப் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு தடவையும் அதில் நாலு வரி படித்து முடிப்பது என்று ஏற்பாடாயிற்று. அந்த இதழ் புளிக்கை பட்டுப்பட்டு ஒட்டிக்கொண்டு, பக்கம் புரட்டினால் பிசுபிசுவென்று வரும்.

புளி வேலை முடியும் தறுவாயில்தான் அந்த அத்தியாயம் வந்தது. ராணியின் ஆட்கள் இளவரசனை ஓர் அருவியின் உச்சியில் வளைத்துக்கொண்டார்கள். அவன் குதிரையோடு கீழே பாய்ந்துவிட்டான். நீர்ப்புகை அவனை மறைத்தது. தொடரும். கொட்டாயில் ஒரே ஒப்பாரி. கன்னடக்காரிகூட அன்று பின்தங்கவில்லை. கல்யாண அத்தியாயத்தை இரண்டு முறை படித்தும் யாருக்கும் மனசு ஆறவில்லை.

மறுநாள் காலையில் பார்க்கிறேன், அத்தனை பேரும் ஈரத் தலையோடு வருகிறார்கள். உறவில் சாவு கேட்டால் தலை முழுகுவார்களே, அதுபோல இளவரசனுக்குத் தலை முழுகிவிட்டு வந்திருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அடித்துவிடுவார்கள் போல இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

என் ஓரகத்தி மட்டும் எண்ணெய் தடவிப் பின்னி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அங்கே வயதில் மூத்தவளும் வாயில் பெரியவளுமான வேலைக்காரி ஒருத்தி, "சின்னம்மா, நீங்க தல முழுவலீங்களா?" என்று கேட்டாள்.

"யாருக்கு முழுவறது?"

"என்னா இப்பிடிக் கேக்கறீங்க? ராசா மவன் போயிட்டானே!"

"போயிட்டான்னு பாத்தது யாரு? உடம்பு கெடச்சுதா?" என்றாள் ஓரகத்தி. அவள் குரலை நான் அவ்வளவு உயரத்தில் கேட்டதேயில்லை. "அருவியில உழுந்தான்னுதான் அக்கா படிச்சாங்க. செத்தான்னு படிக்கலியே. அக்கா, செத்தான்னு எழுதியிருக்குதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

நான் இதழை எடுத்து மறுபடியும் கடைசிப் பத்தியைப் பார்த்தேன். "இல்ல. எழுதலை" என்றேன்.

"அப்பறம் எதுக்குத் தல முழுவணும்? பாக்காத சாவுக்கு யாரும் என்னைத் தல முழுவச் சொல்லாதீங்க."

அவள் இளவரசனைச் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எல்லார் கையும் நின்றது. தட்டிக்குப் பின்னால் சோளத்தட்டு நறுக்கும் சத்தமும் நின்றது. மாமனாரின் குரல் வந்தது.

"ஏ செவல, தீர்த்தமலைக்கு இப்ப அவசரமில்ல. அந்தப் பையன் கதி என்னான்னு தெரியட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

எந்தப் பையன் என்று அவர் சொல்லவில்லை. அவர் இளவரசனைத்தான் சொன்னார் என்று உறவுக்காரர்களிடம் செய்தி போயிற்று. அவர்கள் வந்து கேட்டபோதும், "கதையில அவன் என்ன ஆனான்னு தெரியட்டும்ங்க" என்றே சொல்லி அனுப்பினார். பெரிய மனுஷன் புத்தி கெட்டுப்போய்விட்டது என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்தப் பைத்தியக்காரத்தனத்தில்தான் ஒரு பெண்ணின் தாலி தொங்கிக்கொண்டிருந்தது. நானோ அதற்குப் பிறகு பத்திரிகை வந்தால் முதலில் கடைசிப் பத்தியைத்தான் பார்ப்பேன். நான் முகம் பார்த்திராத ஒருவர் எங்கோ பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, இளவரசனைச் சாகடித்துவிட்டால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

அந்தப் புண்ணியவான் என்ன செய்தார் தெரியுமா? இளவரசனை அருவியில் விட்டுவிட்டு, ராணியின் சின்ன வயதுக் கதையை ஆரம்பித்துவிட்டார். வாரக்கணக்காக அதே பாட்டு. அவளுடைய அப்பா, அவளுடைய சித்தி, சித்தி செய்த கொடுமை. நான் படித்துக்கொண்டே அவரைத் திட்டுவேன். ஆனால் எங்கள் பெண்கள், நேற்றுவரை அந்த ராணிக்கு மண்ணை வாரித் தூற்றியவர்கள், இப்போது அவளுக்கும் உருக ஆரம்பித்தார்கள். "தாயில்லாம வளந்தவ பாவம். ஒரு புள்ள பொறந்திருந்தா இவ இப்பிடி ஆயிருப்பாளா?" என்று அந்த வாய்க்காரக் கிழவியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர்களுக்கு யாரையும் ரொம்ப நாள் வெறுக்கத் தெரியவில்லை.

நடுவில் காகிதப் பஞ்சம். பத்திரிகை மெலிந்தது. சில வாரம் வரவேயில்லை. பஸ் வரும் நேரத்துக்கு ஓரகத்தி ரோட்டோரம் போய் நிற்பாள். தபால்காரரைப் பார்த்தால்கூட அவள் அப்படி ஓடியதில்லை. கடைசியில் மழைக்காலத்தில் ஒருநாள் அந்த இதழ் வந்தது. அருவிக்குப் பின்னால் இருந்த ஒரு குகையிலிருந்து இளவரசனை மலை ஜனங்கள் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உயிர் இருக்கிறது. நான் அந்த வரியைப் படித்ததும் கடலைத்தோலை வாரி வாரி மேலே வீசினார்கள். சித்தேரிக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. "நாந்தான் சொன்னேனே, எங்காளுங்க உட்ருவாங்களா?" என்றாள். அவள் அப்படிச் சொன்னதே கிடையாது. தலை முழுகியவர்கள், அதனால்தான் அவனுக்கு ஆயுசு கெட்டியானது என்று பெருமை அடித்துக்கொண்டார்கள். மாமனார் ஒரு முறம் நிறைய வெல்லமும் கடலையும் கொடுத்தனுப்பினார்.

"ஏ செவல, குதிரையும் பொழச்சுதா?"

"பொழச்சுதாம். கால் நொண்டுதுன்னு எழுதியிருக்குது" என்றேன், ஓரகத்தியிடம்.

"தண்ணி?"

"எழுதலை."

தீர்த்தமலைப் பேச்சு அதோடு நின்றுபோயிற்று. ஓரகத்தி அன்று சாயங்காலம் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, கிணற்றடியில் பாட்டு முணுமுணுத்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது. கதையில் போனவன் திரும்பி வந்துவிட்டான். இனி நிஜத்தில் போனவரும் வந்தே தீரவேண்டும் என்று ஆகிவிட்டதே.

சண்டை முடிந்தது. பட்டாளத்தார் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். மாமனார் வண்டி கட்டிக்கொண்டு மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போய்ப் போய்த் திரும்புவார். ஒருநாள் அவரோடு வண்டியில் ஒருவர் வந்து இறங்கினார். கொழுந்தனார் இல்லை. அரூர் பக்கத்துக்காரர். கொழுந்தனாரோடு ஒரே கைதி முகாமில் இருந்தவராம். எலும்பும் தோலுமாக இருந்தார். கொட்டாயில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காரவைத்தோம்.

அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். பிடிபட்ட வருஷமே காட்டுக்குள் ஒரு முகாமில் கொழுந்தனாருக்குக் காய்ச்சல் கண்டதாம். மருந்து கிடையாதாம். "கடசி ரெண்டு நாளும் தண்ணி, தண்ணின்னாருங்க" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

மாமனார் எல்லாம் கேட்டார். எங்கே புதைத்தீர்கள், பக்கத்தில் மரம் ஏதாவது இருந்ததா, உடம்பில் என்ன துணி இருந்தது, யாரெல்லாம் கூட இருந்தீர்கள். அந்தத் தண்ணீரைப் பற்றிய ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த மனிதர் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் அதைக் கேட்டுக்கொண்டு எப்படி உயிரோடு இருப்பது? அவர் மோர் குடித்துவிட்டு, எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஓரகத்தி எழுந்து கிணற்றடிக்குப் போனாள். அவளே சேந்தி அவளே ஊற்றிக்கொண்டாள். தலையில் இருந்த பூ வாளித் தண்ணீரோடு வாய்க்காலில் போனதைப் பார்த்தேன். கொட்டாய்ப் பெண்கள் அத்தனை பேரும் அவளுக்குப் பின்னால் போய்த் தலை முழுகினார்கள். காரியம் தீர்த்தமலையில் நடந்தது. அதில் நடந்ததையெல்லாம் எழுத எனக்கு இன்றும் மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு நான் படிக்கவில்லை. அண்ணன் அனுப்பும் இதழ்கள் பிரிக்காமல் கிடந்தன. மறுபடி புளிக் காலம் வந்தது. பெண்கள் பேச்சில்லாமல் ஓடு தட்டினார்கள். ஒருநாள் ஓரகத்தி வந்து, வெறும் கழுத்தும் வெறும் தலையுமாக என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையில் அந்த இதழ்க் கட்டு இருந்தது.

"படிங்க அக்கா."

"இப்ப என்னாடி கதை? எனக்குப் படிக்க வாய் வரல."

"சாவுல நிறுத்தக் கூடாதுக்கா. நிறுத்தினா அது இந்த வூட்டுலயே தங்கிரும். கடசியில பட்டாபிசேகம் இருக்குமில்ல, அதைப் படிங்க."

கட்டின் அடியில் கடைசி இதழ் இருந்தது. கதை முடிந்திருந்தது. ஆறு பூமிக்குள்ளிருந்து பொங்கி வருகிறது. ராணி சிமிழைத் திறந்து எல்லார் நிழலையும் விட்டுவிடுகிறாள். இளவரசன் முடிசூடுகிறான். நான் வரிவரியாகப் படித்தேன். முடிக்கப் போகும் நேரத்தில் தட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. இந்தத் தடவை அவர் செவலையைக் கூப்பிடவில்லை.

"அம்மாடி, அதுக்குக் கடசியிலயாவது தண்ணி காட்டினாங்களா?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. அவர் குதிரையைப் பற்றிக் கேட்கவில்லை என்று கொட்டாயில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நான் பக்கத்தைப் பார்த்தேன். அந்த அத்தியாயத்தில் குதிரை என்ற சொல்லே இல்லை. பழக்க தோஷத்தில் 'எழுதலை' என்று சொல்ல வாயெடுத்தேன்.

எழுத்தே தெரியாத என் ஓரகத்தி கையை நீட்டி, புளி ஒட்டிய விரலைப் பக்கத்தின் நடுவில் வைத்தாள்.

"இங்கதான் எழுதியிருக்குது அக்கா. படிங்க."

அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நான் படித்தேன்: "குதிரையை ஆற்றுக்கு நடத்திப் போனார்கள். அதுவாகத் தலையைத் தூக்கும்வரை தண்ணீர் காட்டினார்கள்."